பழைய மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவ்: எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்?

வேலூரில் பழைய மைக்ரோஸ்கோப்புக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரிகளும் ரத்தப் பரிசோதனை லேப்களும் நெருக்கியடித்து நிற்கிற ஊர். புதிது வாங்குகிறவர்கள் பழையதைக் கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கைமாறி வந்த அப்ஜெக்டிவ்களை, அதாவது ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்களை, வைத்துத்தான் பல வருஷமாகக் கோட்டை அகழித் தண்ணீரில் டயாட்டம் என்கிற நுண்பாசி பார்க்கிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன். வாங்குகிறவர்கள் முன் லென்ஸில் தெரிகிற கீறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். படத்தை உண்மையில் கெடுப்பது உள்ளே படிந்திருக்கும் மங்கல்.

அதிகம் அடிபட்டு வருவது 40 எக்ஸ், அதாவது 40 மடங்கு பெரிதாக்கும் அப்ஜெக்டிவ். 100 எக்ஸில் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஆயில் விட்டுப் பார்த்த கையோடு, அப்ஜெக்டிவ்கள் மாட்டியிருக்கும் டர்ரெட்டைத் திருப்பினால், ஸ்லைடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாத 40 எக்ஸ் அந்த ஆயிலில் முங்கிவிடும். துடைக்காமல் விட்டால் முன் லென்ஸில் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் நல்ல உருப்பெருக்கி. அதில் பார்த்தாலே இது தெரியும். ஆயில் வெளியே மட்டும் இருந்தால் லென்ஸ் பேப்பரும் கொஞ்சம் கிளீனரும் போதும். கிளீனரை லென்ஸ்மேல் ஊற்றக் கூடாது, பழைய ஒட்டு இளகிவிடும். ஆயில் லென்ஸுக்கும் உலோக வளையத்துக்கும் நடுவில் இறங்கியிருந்தால் அதை வாங்காதீர்கள்.

இன்னொன்று, நல்ல 40 எக்ஸையே கெட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். லேபில் ரத்த ஸ்மியருக்கு, அதாவது ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிய ரத்தத்துக்கு, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் போட மாட்டார்கள். ஆனால் லென்ஸின் உடலில் 160/0.17 என்று எழுதியிருந்தால், அது 160 மில்லிமீட்டர் மைக்ரோஸ்கோப் குழாய்க்கும் 0.17 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்புக்கும் கணக்கிட்டுச் செய்தது. கவர் இல்லாமல் பார்த்தால் படம் பால் ஊற்றியது போல வெளுக்கும். ஸ்மியர்மேல் ஒரு சொட்டு ஆயில் விட்டு, கவர் ஸ்லிப் மூடிப் பாருங்கள். படம் தெளிந்தால் லென்ஸில் குறையில்லை. விற்பவர் கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

உள்ளே பார்க்க, அப்ஜெக்டிவைக் கழற்றி முன்பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி பிடித்து, பின்பக்கத் துளை வழியாகப் பாருங்கள். அப்புறம் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். ஒட்டிய லென்ஸ்கள் பிரிந்திருந்தால் ஓரத்தில் வானவில் நிற வளையமோ மினுமினுப்போ தெரியும். வேர் விட்டுப் பரவிய நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிரிந்த 10 எக்ஸ் ஒன்று என்னிடம் இன்னமும் ஓடுகிறது. சாதாரண வெளிச்சத்தில் வித்தியாசமே தெரிவதில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கிற டார்க் ஃபீல்டில் போட்டால் மட்டும் பின்னணி கறுப்பாகாமல் சாம்பலாகிறது. பூஞ்சையில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. அது லென்ஸின் பூச்சையே அரித்துவிடும். உள்ளே இருந்தால் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது லென்ஸ்கள் ஒரே அச்சில் உட்காராமல் போகலாம்.

கீழே விழுந்த அப்ஜெக்டிவிலும் இந்த அச்சுப் பிசகு வரும். அதைக் கண்டுபிடிக்க ஸ்லைடில் கறுப்பு மார்க்கரை அடர்த்தியாகப் பூசிக் காயவிடுங்கள். மைக்குள் ஊசிமுனை அளவுகூட இல்லாத ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்றை நடுவில் கொண்டுவந்து, ஃபோகஸைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்துங்கள். வெளிச்சம் வட்டமாக விரிந்தால் சரி. ஒரே பக்கம் வால் நீண்டால் லென்ஸ் நகர்ந்திருக்கிறது. 40 எக்ஸிலும் 100 எக்ஸிலும் இதை விடாமல் செய்யுங்கள். 4 எக்ஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

படத்தில் புள்ளி தெரிந்தவுடன் அப்ஜெக்டிவைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஐபீஸைச் சுற்றும்போது புள்ளியும் சுற்றினால் அழுக்கு ஐபீஸில். ஸ்லைடோடு நகர்ந்தால் ஸ்லைடில். அப்ஜெக்டிவில் இருக்கும் அழுக்கு பெரும்பாலும் புள்ளியாகவே தெரியாது, படம் முழுக்கச் சோகை பிடித்திருக்கும்.

100 எக்ஸில் கூடுதலாக ஒன்று: முனையை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஸ்பிரிங் வைத்த லென்ஸ் என்றால் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். ஆயில் காய்ந்து இறுகியிருந்தால் ஸ்லைடும் உடையும், லென்ஸும் அடிபடும்.

நம் ஊர் வெயிலில் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் பூஞ்சை பிடிக்கிறது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், நிறம் மாறினால் வறுத்துக்கொள்கிறேன். தோல் உறையிலும் மரப்பெட்டியிலும் வைத்து விற்கிற லென்ஸ்கள் பார்க்க அழகாக இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அவைதான், அதனால் அந்த மாதிரி வருவதை இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே காசு கொடுக்கிறேன்.