ரப்பர் விசைகளுக்காக வாங்கலாம்: ‘தி ஸ்பெக்ட்ரம்’

ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘தி ஸ்பெக்ட்ரம்’ ஒருவழியாக எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெளிவந்தபோது பிரித்தானியாவில் இதன் விலை 89.99 பவுண். கிளைவ் சின்கிளேரின் கேம்பிரிட்ஜ் நிறுவனம் 1982 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கொம்பியூட்டரை அதே அளவில், அதே கறுப்பு உடலோடு, மூலையில் அதே நாலு நிறக் கோடுகளோடு மறுபடி செய்திருக்கிறார்கள். எச்டிஎம்ஐ வயரால் இன்றைய ரீவியில் பொருத்தலாம். உள்ளே 48 விளையாட்டுகள்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். ஆனால் அந்த 48 விளையாட்டுகளுக்காக அல்ல. பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள்கள் எத்தனையோ வருடங்களாக இருக்கின்றன, கைப்பேசியில்கூட ஓடும். இதை அதன் ரப்பர் விசைகளுக்காக வாங்க வேண்டும்.

நாங்கள் 1985-இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தோம். ரூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அண்ணா விடியப்புறம் வீடு வீடாகப் பேப்பர் போட்டுக் காசு சேர்த்தார். பேப்பர் கடை யன்னலில் ஒட்டியிருந்த விளம்பர அட்டை ஒன்றைப் பார்த்துப் போய், யாரோ பாவித்த ஸ்பெக்ட்ரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். 48கே (கிலோபைட்) நினைவகம் உள்ளது. முதலில் கடைக்கு வந்தபோது அதற்கு 175 பவுண், 16கே உள்ளதற்கு 125. எங்களுக்குக் கிடைத்த நேரம் அதன் விலை நன்றாக இறங்கியிருந்தது. இல்லாவிட்டால் எங்களால் நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

அதில் மொத்தம் 40 விசைகள். ஒவ்வொரு விசையின் மேலும் கீழும் நடுவிலும் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள் அச்சடித்திருக்கும். பேசிக் என்ற புரோகிராம் மொழியில் எழுதும்போது சொற்களை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. பி-யை அமுக்கினால் ‘பிரின்ட்’ என்ற முழுச் சொல் திரையில் வந்து விழும். ஜே என்றால் ‘லோட்’, ஜி என்றால் ‘கோ டூ’, ஆர் என்றால் ‘ரன்’. ஒரு சொல் நினைவகத்தில் ஒரே ஒரு பைட் இடத்தைத்தான் எடுக்கும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. தட்டச்சுப் பழகியவர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கலாம். வகுப்பில் ஒரு வரி ஆங்கிலம் எழுதினால் அதில் பாதிச் சொல்லில் பிழை விட்டுக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போதுதான் சரியாக விளங்குகிறது. அந்த மெஷினில் ‘பிரின்ட்’ என்ற சொல்லைப் பிழையாக எழுத வழியே இல்லை. வரியின் அமைப்பு பிழை என்றால், பிழை உள்ள இடத்தில் ஒரு கேள்விக்குறி மினுங்கும். வரியைத் திருத்தும்வரை உள்ளே எடுக்காது. அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். என் பெயரைத் திரை முழுக்க ஓடவைக்கும் இரண்டு வரி புரோகிராம்தான் நான் இங்கிலாந்தில் பிழையில்லாமல் எழுதிய முதல் ஆங்கிலம்.

புதிய மெஷினில் இந்த விசைப்பலகை அப்படியே இருக்கிறது. சொற்கள் எல்லாம் அதே இடங்களில். அமுக்கினால் அதே மெத்துமெத்தென்ற இறக்கம், விட்டால் அதே சோம்பேறித்தனமான எழும்பல். முதல் ஸ்பெக்ட்ரத்தின் வெளித்தோற்றத்தை வடிவமைத்த ரிக் டிக்கின்சன் 2018-இல் காலமாகிவிட்டார். அவருடைய வேலைக்குச் செய்ய வேண்டிய மரியாதையை இவர்கள் செய்திருக்கிறார்கள். மெனுவில் பேசிக்கைத் தேர்ந்தெடுத்து, ஜே-யை அமுக்கி, சிவப்பு எழுத்துள்ள சிம்பல் ஷிஃப்டைப் பிடித்தபடி மேற்கோள் குறிகளுக்காக பி-யை இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

உடலின் மேல் ‘சின்கிளேர்’ என்ற பெயர் மட்டும் இல்லை. கொம்பியூட்டர் வியாபாரமும் பெயரும் 1986-இல் 50 இலட்சம் பவுணுக்கு அம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்குக் கைமாறிய கதை அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் இருந்த இடத்தில் இப்போது ‘தி ஸ்பெக்ட்ரம்’ என்று இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான். ஸ்கொட்லாந்தின் டண்டீயில் டைமெக்ஸ் தொழிற்சாலையில் எத்தனையோ பெண்கள் கையால் பொருத்தி அனுப்பிய பெட்டி அது. அடுத்தடுத்த மாடல்களையும் சேர்த்து 50 இலட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

சரி, இல்லாமல் போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மெஷினில் ரேப் ரெக்கோடர் பொருத்தும் துளை இல்லை. அந்தக் காலத்தில் விளையாட்டு எல்லாம் கசெற்றில்தான் வரும். ரெக்கோடரை வயரால் இணைத்து, ‘லோட்’ கொடுத்து, பிளே-யை அமுக்கினால், திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாக அகலக் கோடுகள் ஓடும், பிறகு நீலமும் மஞ்சளுமாக நெருக்கமான கோடுகள். 48கே விளையாட்டு ஒன்று ஏற நாலைந்து நிமிடம் பிடிக்கும். சத்தம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ கடைசி நிமிடத்தில் ‘ரேப் லோடிங் எரர்’ என்று வந்து நிற்கும். அண்ணா ரெக்கோடரின் வொலியூம் சக்கரத்தில் பேனையால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்கோடர். விடிய அதில் அம்மா பக்திப் பாட்டுப் போடுவா. பின்னேரம் அது எங்களுடையது. சில கசெற்றுகள் ஏற மறுத்தால், ரெக்கோடரில் ரேப்பை வாசிக்கும் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். கசெற்றைப் பதிந்த மெஷினின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு எங்கள் ரெக்கோடரின் தலையையும் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் விளையாட்டு ஏறிவிடும், அம்மாவின் பாட்டில் கீச்சுச் சுருதி எல்லாம் போய்விடும். “என்னடா, பாடுறவருக்குத் தடிமன் பிடிச்ச மாதிரிக் கிடக்கு” என்று அம்மா கேட்பா. இரவு படுக்கும் முன் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைப்பது என் பொறுப்பு.

புதிய மெஷினில் விளையாட்டின் படத்தைத் தேர்ந்தெடுத்து அமுக்கினால் விளையாட்டு உடனே தொடங்கிவிடுகிறது. குறை சொல்லவில்லை, வேலைக்குப் போய் வந்து அரை மணித்தியாலம் விளையாட இதுதான் வசதி. ஆனாலும் வீட்டில் பழைய கசெற்றுகள் வைத்திருப்பவர்கள் அவற்றை நேரடியாக இதில் ஏற்ற முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கசெற்றைக் கோப்பாக மாற்றி யூஎஸ்பி பென்னில் போட்டால் எடுக்கிறது.

படத்தைப் பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட சிக்கல். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைச் சின்ன ரீவி. ஸ்பெக்ட்ரத்தின் பேர்போன குறை, இரண்டு நிறங்கள் ஒன்றில் ஒன்று ஒட்டிக்கொள்வது. திரையில் 256-க்கு 192 புள்ளிகள். ஆனால் நிறம் புள்ளிக்குப் புள்ளி கிடையாது. 8-க்கு 8 புள்ளிச் சதுரம் ஒன்றுக்கு இரண்டே நிறங்கள். அதனால் திரை முழுவதற்குமான ஒரு படத்துக்கு 7 கிலோபைட்டுக்கும் குறைவான நினைவகம் போதும். விலையைக் குறைத்த தந்திரங்களில் அதுவும் ஒன்று. ஆள் ஒரு மரத்துக்கு முன்னால் நடந்து போனால் மரம் ஆளின் நிறத்துக்கு மாறும், அல்லது ஆள் மரத்தின் நிறத்துக்கு. பள்ளியில் பெடியங்கள் அதைச் சொல்லிக் குறைபடுவார்கள். எனக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாது. சாம்பலுக்குள் சாம்பல் கலந்தது யாருக்குத் தெரியும்? இப்போது 55 அங்குலத் திரையில் அந்தப் பச்சையும் ஊதாவும் கண்ணைக் குத்துகின்றன. கடைசியில் ரீவியின் அமைப்புக்குள் போய் நிறத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு விளையாடினேன். அப்போதுதான் என் ‘மானிக் மைனர்’ திரும்பக் கிடைத்தது.

‘மானிக் மைனர்’ 1983-இல் மத்தியூ ஸ்மித் என்ற பதின்வயதுப் பெடியன் எழுதியது. 20 குகைகள். மில்லி என்ற சுரங்கத் தொழிலாளி காற்றுத் தீர்வதற்குள் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். வில்லி என்பதுதான் அவன் பெயர், எங்கள் வீட்டில் அவன் மில்லி, அப்படியே நின்றுவிட்டது. குதித்தால் நடுவானில் திரும்ப முடியாது. எங்கே விழுவாய் என்பதைக் குதிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இன்றைய விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் கொடுமையான கண்டிப்பு, ஆனால் அநியாயம் இல்லை. சறுக்கினால் ஏன் சறுக்கினாய் என்று உனக்கே தெரியும். விளையாடும்போதே பின்னணியில் இசை ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு குரல் மட்டும் எழுப்பக்கூடிய அந்தச் சின்ன பீப்பரில் அதைச் செய்தது அன்று பெரிய காரியம். சத்தம் ரீவியில் வராது, கொம்பியூட்டருக்கு உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியில் இருந்து மெல்லியதாக வரும், குறைக்கவும் கூட்டவும் குமிழ் இல்லை. பகலில் நித்திரை கொள்ளும் அப்பா இருந்த வீட்டுக்கு அந்த மெல்லிய சத்தம் சரியாக இருந்தது. புதியதில் சத்தம் ரீவி வழியாக வருகிறது. முதல் நாள் திடுக்கிட்டுப்போனேன்.

என் மகளுக்கு இந்தப் பழைய ஞாபகங்களில் ஈடுபாடு இல்லை. அவளுக்குப் பிடித்தது பின்னோக்கிச் சுற்றும் வசதிதான். செத்துப்போனால் 40 விநாடிவரை பின்னால் போய் அந்த இடத்திலிருந்து மறுபடி விளையாடலாம். நிறுத்திய இடத்தைச் சேமித்தும் வைக்கலாம். அவள் அதைப் பாவித்து ஒரே சனிக்கிழமையில் அண்ணாவும் நானும் கண்ணாலேயே கண்டிராத குகைகளுக்கெல்லாம் போய்விட்டாள். நல்ல வசதி. நான் பாவிப்பதில்லை, எனக்கு அந்தப் பயம் வேண்டும்.

இந்த 48-இல் எனக்கு மிகப் பிடித்தது ‘ஸ்கூல் டேஸ்’, 1984-இல் வந்தது. எரிக் என்ற குழப்படிப் பெடியன் ஆசிரியர் அறைப் பெட்டகத்தில் இருக்கும் தன் ரிப்போர்ட்டைத் திருட வேண்டும். மணி அடிக்கும், எந்த வகுப்பு என்று பார்த்து ஓட வேண்டும், பிந்தினால் தண்டனையாக வரிகள் எழுதச் சொல்வார்கள், 10,000 வரி சேர்ந்தால் பள்ளியை விட்டு நீக்கம். தொடங்கும் முன் ஆசிரியர்கள், மாணவர்கள் பெயர்களை நாங்களே மாற்றிக்கொள்ளலாம். அண்ணா தலைமை ஆசிரியருக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் அதிபராக இருந்தவரின் பெயரைக் கொடுத்தார். கணக்கு வாத்தியார், வரலாற்று வாத்தியார் எல்லாரையும் அப்படியே வரிசையாகக் கொண்டுவந்து இறக்கினார். ஊரில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவனின் பெயர் வகுப்பு ரவுடிக்குப் போனது. அந்தப் பள்ளிக்கு நாங்கள் திரும்பிப் போகவே இல்லை. ரூட்டிங்கில் அந்த மேல்மாடியில் இரண்டு பேரும் அந்தப் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை. புதிய மெஷினிலும் பெயர்களை மாற்ற முடிகிறது. எல்லாப் பெயரும் எனக்கு ஞாபகம் வரவில்லை, அண்ணாவுக்கு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் யோசிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

அல்டிமேட் நிறுவனத்தின் ‘நைட் லோர்’, ‘ஜெட்பாக்’ இரண்டும் இதில் இல்லை. ஸ்பெக்ட்ரம் என்றால் அவற்றைத்தான் முதலில் நினைப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை. ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ இருக்கிறது, அது கொஞ்சம் சமாதானம்.

வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பெட்டியில் மின் வயர் இருக்கும், சுவரில் சொருகும் தலை இருக்காது, வீட்டில் இருக்கும் போன் சார்ஜர் போதும். ரீவியைக் கேம் மோட்டுக்கு மாற்றாமல் விளையாட வேண்டாம். அமுக்குவதற்கும் குதிப்பதற்கும் நடுவே வரும் சிறு தாமதம் ‘மானிக் மைனரை’ விளையாட முடியாததாக்கிவிடும். படத்தை 50 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 50 தரம்) வையுங்கள், பழைய மெஷின் அந்த வேகத்துக்குத்தான் எழுதப்பட்டது. பேசிக் பழக நினைப்பவர்கள் ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய பழைய கையேட்டை இணையத்தில் தேடி எடுங்கள். அவ்வளவு தெளிவாக எழுதிய பாடப் புத்தகம் பள்ளியில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜோய்ஸ்ரிக் தனியாகத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு விசைகளே நல்லது, ‘மட்ச் டே டூ’ உதைபந்தாட்டத்துக்கு மட்டும் இரண்டு பேர் ஒரே விசைப்பலகையில் முழங்கையால் இடித்துக்கொண்டு விளையாட வேண்டி வரும். அண்ணா ஆடி மாதம் வருகிறார், அதற்குள் இரண்டு வாங்கி வைக்க வேண்டும்.