லுகானோ ஜேர்சி: எதை அடிப்பிக்கலாம், எதை விடலாம்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா பக்கம் ஜேர்சி அடிக்கிற கடைகளில் மெஸ்ஸி, ரொனால்டோ என்று கேட்டால் டிசைன் ஆயத்தமாகவே இருக்கும், பிழை வர இடமில்லை. உருகுவேயின் தியேகோ லுகானோ மாதிரி ஊர் ஊராகப் போய் விளையாடிய ஒரு காற்பந்துப் பின்கள வீரரின் ஜேர்சியைக் கேட்டால்தான் கடையின் கைவேலை பிடிபடும். நசியொனால், பிளாசா கொலோனியா, பிரேசிலின் சாவோ பாவுலோ, துருக்கியின் பெனர்பாச்சே, பாரிஸ், மலாகா, வெஸ்ட் ப்ரொம்விச், சுவீடனின் ஹெக்கன், பராகுவேயின் செரோ போர்ட்டென்யோ, கடைசியில் திரும்பவும் சாவோ பாவுலோ. ஒன்பது கழகம். எல்லாவற்றையும் அடிப்பிக்கத் தேவையில்லை. மூன்று போதும்.

முதலாவது உருகுவே தேசிய அணி, 2ஆம் இலக்கம். 95 போட்டி, 9 கோல். 2010 உலகக் கிண்ணத்தில் நாலாமிடம் வந்த அணிக்கும், 2011 கோப்பா அமெரிக்கா இறுதியில் பராகுவேயை 3-0 என்று வென்ற அணிக்கும் அவர்தான் தலைவர். பார்க்க எளிமையான ஜேர்சி, அடிப்பதற்கோ இதுதான் பொல்லாதது. அந்த வான்நீலம் திரையில் சரியாக இருந்து துணியில் ஊதா அடிக்கும். மையில் மஜென்டா கூடிப்போவதுதான் காரணம். நாலு அங்குலத் துண்டு ஒன்றை அதே துணியில் அடித்து, கடைக்குள் ரியூப் லைட்டில் இல்லாமல் வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு முழுதாக அடிக்கச் சொல்லுங்கள். சின்னத்துக்கு மேலே நட்சத்திரம் நாலு இருக்கவேண்டும்: 1924, 1928 ஒலிம்பிக், 1930, 1950 உலகக் கிண்ணம். "உலகக் கிண்ணம் ரெண்டுதானே அண்ணை" என்று இரண்டோடு நிறுத்துகிற கடைகளும் உண்டு. கணக்குச் சரி, ஜேர்சி பிழை.

சப்ளிமேசன் அடி (தாளில் உள்ள மையைச் சூட்டில் துணிக்கு ஏற்றுவது) என்றால் பிரஸ் சூடு 200 பாகை செல்சியஸ் அளவில், 45 முதல் 60 செக்கன். சூடு குறைந்தால் நிறம் வெளிறும், நேரம் கூடினால் வெள்ளைப் பகுதி மஞ்சள் பிடிக்கும். தாளைத் தூக்கும்போது கை அசைந்தால் எழுத்துக்கு நிழல் விழும். மாரியில் துணி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் தாள் வைக்க முதல் வெறும் துணியை ஐந்து செக்கன் அமத்தி எடுக்கவேண்டும். இதைச் செய்யாத கடையின் கார்த்திகை, மார்கழி ஓடர்களில் புள்ளி புள்ளியாக வரும். துணி முழுப் பொலியெஸ்டராக இருக்கவேண்டும். பருத்தி கலந்தால் நாலு தோய்ச்சலில் மை போய்விடும். துணியின் பாரம் 140 முதல் 160 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு கிராம்) போதும், அதற்கு மேல் போனால் சித்திரை வெயிலில் செம்மண் திடலில் போட்டு ஓட ஏலாது.

இரண்டாவது சாவோ பாவுலோ, 2005. வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகக் குறுக்குப் பட்டை, நெஞ்சு நடுவில் சின்னம், எல்ஜி விளம்பரம். இங்கே அவர் இலக்கம் 5. உருகுவே நினைப்பில் 2 அடித்துத் தருவதுதான் அதிகம் நடக்கிற பிழை. அந்த வருடம் தென்னமெரிக்கக் கழகங்களின் லிபர்ட்டடோரெஸ் கிண்ணத்தோடு யோகொஹாமாவில் உலகக் கழகக் கிண்ணமும் வந்தது. லிவர்பூலுடனான இறுதியில் மினெய்ரோ அடித்த ஒரே கோல், லிவர்பூலுக்கு மூன்று கோல் செல்லாமல் போனது, பின்னால் பாபாவோ, லுகானோ, எட்கார்லோஸ் என மூவர். இந்த ஜேர்சியை வாங்கும்போது பக்கத் தையலைப் பாருங்கள். பட்டை அரை விரல் ஏறி இறங்கி நின்றால் வெட்டியவர் துண்டுகளை அடுக்கி வெட்டவில்லை என்று அர்த்தம். அதைப் பிறகு திருத்த முடியாது.

மூன்றாவது பெனர்பாச்சே, 2006 முதல் 2011 வரை, திரும்ப 2ஆம் இலக்கம். கழகத்தின் நூற்றாண்டான 2007இல் சம்பியன், பயிற்றுநர் சீக்கோ. அடுத்த பருவத்தில் சம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போய் செல்சியிடம் தோற்றார்கள். மஞ்சளும் கருநீலமுமாக நெடுங்கோடு. கறுப்பில் அடித்துத் தந்தால் அது ஹெக்கன் ஜேர்சியாகிவிடும்! அவரும் அங்கே 2015இல் விளையாடியவர் என்பதால் கடைக்காரர் வாதாடவும் இடமிருக்கு.

பாரிஸ் ஜேர்சி எங்கும் கிடைக்கும், ஆனால் லுகானோவுக்கு அங்கே பெரிய கதை இல்லை. மலாகா, வெஸ்ட் ப்ரொம்விச் சேகரிப்பவர்களுக்கு மட்டும். செரோ போர்ட்டென்யோ நீலமும் சிவப்பும், பாதிக் கடைகளில் பார்சிலோனா டிசைன் பைலைத் திறந்து சின்னத்தை மட்டும் மாற்றுவார்கள். கழுத்துப் பட்டியைப் பார்த்தால் தெரியும்.

போட்டு விளையாடவென்றால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கோணர் உதைக்கு நிற்கிற பின்கள வீரரின் ஜேர்சியைத்தான் எல்லாரும் பிடித்து இழுப்பார்கள். தோளிலும் கக்கத்திலும் ஓவர்லொக் (ஓரத் தையல்) மட்டும் போதாது, மேலால் இரட்டைத் தையல் கேளுங்கள். பெயரையும் இலக்கத்தையும் துணியோடு சேர்த்தே சப்ளிமேசனில் அடிப்பியுங்கள். வெட்டி ஒட்டுகிற வினைல் தாள் முதலில் 2இன் வளைவில்தான் கிளம்பும்.

கிணற்றுத் தண்ணி கடினமான இடங்களில் சவர்க்காரம் வெள்ளையாகப் படியும், கருநீலத்தில் அது உடனே தெரியும். தூளைக் குறைத்து, கடைசி அலசலுக்கு மழைத்தண்ணி இருந்தால் அதைப் பாவியுங்கள். உட்புறம் வெளியே வரப் புரட்டி நிழலில் காயப்போடவேண்டும். செம்மண் கறையை ஈரத்தில் தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும், காயவிட்டு உதறிவிட்டுத் தோயுங்கள்.

ஓடர் கொடுக்கும்போது வருடம், கழகம், இலக்கம் மூன்றையும் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வாயால் சொல்லவேண்டாம். சுற்றுப்போட்டிக்கு முதல் வாரம் எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். அந்த அவசரத்தில் சோதனைத் துண்டு அடிக்க ஒருத்தரும் நிற்கமாட்டார்கள்.