மூவிங் மேக்னட்டா, மூவிங் காயிலா: நான்கு கார்ட்ரிட்ஜ்களுடன் 12 ஆண்டுகள்

இசைத்தட்டு கேட்பவர்களிடையே, ஊசியின் அசைவை மின்னழுத்தமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் பற்றிய பேச்சு எழுந்தால், மூவிங் மேக்னட் (எம்.எம்.) தொடக்க நிலைக்கு உரியது, மூவிங் காயில் (எம்.சி.) அதைக் கடந்து வந்தவர்களுக்கு உரியது என்ற எண்ணமே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கிறது. நானும் அந்த எண்ணத்துடன்தான் தொடங்கினேன். இரண்டு எம்.எம்., இரண்டு எம்.சி. என நான்கு கார்ட்ரிட்ஜ்களை ஒரே டர்ன்டேபிளில், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான ஒரே டோன்ஆர்மில் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றும் ஓடிய மணிநேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவந்த 12 ஆண்டுகளில் அந்த எண்ணம் கரைந்துபோயிற்று. ஊசிமுனையின் வடிவம், ஆர்மின் நிறை, கார்ட்ரிட்ஜின் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கித் தரும் ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீடு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நான் கேட்ட வேறுபாடுகளில் பெரும்பகுதியை உண்டாக்கின; நகர்வது காந்தமா சுருளா என்பது அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

அடிப்படை எளியது. எம்.எம். வகையில் ஊசியைத் தாங்கும் கேன்டிலீவரின் மறுமுனையில் சிறிய காந்தம் இருக்கிறது. அது அசையும்போது உடலுக்குள் நிலையாக இருக்கும் சுருள்களில் மின்னழுத்தம் உண்டாகிறது. சுருள் அசைய வேண்டியதில்லை என்பதால் கம்பியை நிறையச் சுற்றலாம். ஆகவே 3 முதல் 6 மில்லிவோல்ட் வரை வெளியீடு கிடைக்கிறது. எம்.சி. வகையில் சுருளே கேன்டிலீவருடன் சேர்ந்து அசைய வேண்டும். அது கனமாக இருந்தால் ஊசியின் அசைவு கெடும் என்பதால் சுற்றுகள் குறைவு, வெளியீடும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட் அளவில் நின்றுவிடுகிறது. கூடுதல் வெளியீடு தரும் எம்.சி. கார்ட்ரிட்ஜ்களும் உண்டு, அவற்றை நான் நீண்ட நாள் பயன்படுத்தியதில்லை என்பதால் இங்கே பேசவில்லை.

என் முதல் கார்ட்ரிட்ஜ் ஆர்டோஃபோன் 2எம் ரெட். 5.5 மில்லிவோல்ட் வெளியீடு, 1.8 கிராம் ஊசி அழுத்தம், நீள்வட்ட முனை. முதல் ஓராண்டு முழுவதும் அதன் ஒலியில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது: பாடுபவரின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கூர்மையாகத் துருத்திக்கொண்டிருக்க, அதற்கு மேலே இருக்க வேண்டிய காற்றோட்டமான உணர்வு மட்டும் காணவில்லை. எம்.எம். என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டி, எம்.சி. வாங்குவதற்கான ஆயத்தங்களைத் தொடங்கியிருந்தேன். அப்போது தற்செயலாகத்தான் மின்தேக்கம், அதாவது வயர்களும் மின்சுற்றும் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தன்மை, பற்றிய குறிப்பு என் கண்ணில் பட்டது. இந்தக் கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு 700 மில்லிஹென்றி மின்தூண்டல் உண்டு. ஆர்மின் உட்கம்பி, இணைப்பு வயர், ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீடு ஆகியவற்றின் மின்தேக்கம் அனைத்தும் கூடி அந்தச் சுருளுடன் ஓர் ஒத்திசைவை, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டி ஒலி மிகுந்து எழும் நிலையை, உண்டாக்குகிறது. தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 150 முதல் 300 பிகோஃபாரட். என் அமைப்பில் வயர்களில் மட்டும் 180, ஃபோனோ ஸ்டேஜில் 220, ஆகமொத்தம் 400 பிகோஃபாரட் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒத்திசைவு 9.5 கிலோஹெர்ட்ஸ் அருகே வந்து விழுகிறது. அதாவது 7, 8 கிலோஹெர்ட்ஸ் பகுதி ஓரிரு டெசிபல் உயர்ந்து, அதற்கு மேல் ஒலி சட்டென்று சரிகிறது. நான் கேட்டுக்கொண்டிருந்த குறை எழுத்துக்கு எழுத்து இதுதான்.

உள்ளீட்டு மின்தேக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஃபோனோ ஸ்டேஜ் ஒன்றை வாங்கி அதை 50 பிகோஃபாரடில் வைத்தபோது மொத்தம் 230 ஆகக் குறைந்தது, ஒத்திசைவு 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது, மேடும் ஏறக்குறைய மறைந்தது. அன்று மாலை நான் கேட்ட மாற்றம், பின்னாளில் எம்.எம்.மிலிருந்து எம்.சி.க்கு மாறியபோது கேட்ட மாற்றத்தைவிடப் பெரியது. எம்.எம். பயன்படுத்தும் எவரும் வேறு கார்ட்ரிட்ஜ் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த ஒரு கூட்டலைச் செய்துவிட வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். எம்.சி. கார்ட்ரிட்ஜ்களில் மின்தூண்டல் மைக்ரோஹென்றி அளவிலேயே இருப்பதால் இந்த ஒத்திசைவு கேட்கும் எல்லைக்கு வெகு தொலைவில் போய்விடுகிறது, வயரின் மின்தேக்கம் ஒரு பொருட்டாக இருப்பதில்லை. எம்.சி. ‘திறந்த’ ஒலி தருகிறது என்று பலர் சொல்வதன் பின்னால், அவர்களுடைய முந்தைய எம்.எம். தவறான மின்தேக்கத்துடன் ஓடிக்கொண்டிருந்தது என்ற உண்மை பல வேளைகளில் ஒளிந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ரெட்டின் ஊசி தேய்ந்த பிறகு, அதே உடலில் பொருந்தும் 2எம் ப்ளூ ஊசியைச் செருகினேன். உடல், சுருள், திருகு எதையும் தொடாமல், ஊசியை மட்டும் இழுத்து எடுத்து இன்னொன்றைப் பொருத்த அரை நிமிடம் போதும். எம்.எம். வகையின் மிகப் பெரிய வசதி இதுவே. ஆனால் அந்த வசதி, மாற்று ஊசி கிடைக்கும் காலம் வரைதான்: ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திய பிறகு, அதன் உடல்களை வைத்திருப்பவர்கள் பிற நிறுவனங்களின் ஊசிகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் ஆண்டில் எம்.சி.க்கு வந்தேன். தேர்ந்தெடுத்தது டெனான் டிஎல்-103. ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யுடன் இணைந்து 1960களில் ஒலிபரப்புப் பணிக்காக உருவாக்கப்பட்ட வடிவம் அது. உருண்டை முனை, 2.5 கிராம் ஊசி அழுத்தம், 0.3 மில்லிவோல்ட் வெளியீடு, 40 ஓம் உள்மின்தடை. 2எம் ரெட்டுடன் ஒப்பிட்டால் வெளியீடு 25 டெசிபல் குறைவு. அந்தக் குறையை எப்படியாவது ஈடுசெய்தாக வேண்டும். அதற்கான விலையைக் கொடுப்பது ஃபோனோ ஸ்டேஜ். எம்.எம்.முக்கு 40 டெசிபல் பெருக்கம் போதும் என்றால், எம்.சி.க்கு 60 டெசிபல் வேண்டும். என் ஃபோனோ ஸ்டேஜிலும் எம்.சி. நிலை இருந்தது, ஆனால் அதில் இசைத்தட்டின் சொந்த இரைச்சலைவிட மின்சுற்றின் ‘உஸ்’ என்ற ஒலியே ஓங்கிக் கேட்டது. மென்மையான பியானோ பகுதிகளில் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் 1:10 விகிதமுள்ள ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எம்.எம். உள்ளீட்டுக்கு முன்னால் இணைத்தேன். அது மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்குகிறது. மறுபுறம் 47 கிலோ ஓம் உள்ளீடு, விகிதத்தின் வர்க்கமான நூறால் வகுபட்டு, 470 ஓமாகக் கார்ட்ரிட்ஜுக்குத் தெரிகிறது. இரைச்சல் முழுவதும் அடங்கியது. ஆனால் ‘உம்’ என்ற ஹம் வந்து சேர்ந்தது. பெருக்கியின் மின்மாற்றிக்கு அருகில் அதை வைத்திருந்ததே காரணம். 40 சென்டிமீட்டர் தள்ளி, 90 பாகை திருப்பி வைத்த பிறகுதான் அமைதி கிடைத்தது. எம்.எம். வைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு நாளும் நான் தரையில் மண்டியிட்டு வயர்களை நகர்த்திக்கொண்டிருந்ததில்லை.

ஆர்மின் பொருத்தமும் அதே அளவு கவனத்தைக் கேட்டது. கார்ட்ரிட்ஜைத் திருகிப் பொருத்தும் ஹெட்ஷெல்லையும் சேர்த்து என் ஆர்மின் பயனுறு நிறை, அதாவது ஊசி உணரும் நிறை, 11 கிராம். 2எம் ரெட்டின் இணக்கம், அதாவது ஊசி எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கிறது என்ற அளவு, மில்லிநியூட்டனுக்கு 20 மைக்ரோமீட்டர். ஆர்முடன் சேர்ந்த ஒத்திசைவு ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸில் அமைந்தது, தட்டின் வளைவுகளுக்கு மேலேயும் இசைக்குக் கீழேயும் அது பாதுகாப்பாக இருந்தது. டிஎல்-103இன் இணக்கம் 5 என்று அச்சிட்டிருப்பது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. 10 ஹெர்ட்ஸுக்கு அதை 9 என்று வைத்துக்கொண்டாலும் ஒத்திசைவு 12 ஹெர்ட்ஸை நெருங்கியது, தாழ்ந்த ஒலிகள் மெலிந்து கேட்டன. 6 கிராம் கூடுதலான ஹெட்ஷெல் ஒன்றை மாட்டி 10 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அந்தக் கார்ட்ரிட்ஜ் ஏன் இத்தனை ஆண்டுகளாகப் போற்றப்படுகிறது என்பது எனக்குப் புரிந்தது. மனிதக் குரலுக்கும் தாளக் கருவிகளுக்கும் அது தந்த உடல்வாகு, அந்த நிறைவு, இன்றும் எனக்கு அளவுகோலாக இருக்கிறது.

ஆனால் தட்டின் உட்பகுதிக்கு வரும்போது அந்த நிறைவு குலையும். 33⅓ சுழற்சியில் தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, உள்முனையில் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் வெறும் 21 மைக்ரான். 16.5 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை அந்த நெளிவுக்குள் முழுமையாக இறங்க இயலாது. சுருள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், முனை படிக்காததை அது மின்னாக மாற்ற முடியாது. கடைசிப் பாடலில் குரல் கரகரத்த ஒவ்வொரு முறையும் இது எனக்கு உறுதியாயிற்று.

அந்தக் கார்ட்ரிட்ஜ் 700 மணிநேரம் ஓடியபின், தட்டைத் துடைக்கும்போது என் சட்டைக் கையின் விளிம்பு கேன்டிலீவரில் சிக்கி அது முறிந்தது. எம்.எம். என்றால் புது ஊசியைச் செருகிவிட்டு அன்றே கேட்டிருப்பேன், எம்.சி. என்பதால் முழுக் கார்ட்ரிட்ஜையும் மறுஊசி பொருத்தித் தருபவரிடம் அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். திரும்பி வந்தது வேறு உலோகத்தில் கேன்டிலீவரும் வேறு முனையும் கொண்ட இன்னொரு கார்ட்ரிட்ஜ். நன்றாகவே ஒலித்தது, ஆனால் நான் இழந்தது அதுவன்று.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் கேள்வியை முறையாகச் சோதிக்க விரும்பினேன். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95எம்எல் என்ற எம்.எம்., அதே நிறுவனத்தின் ஓசி9எக்ஸ்எம்எல் என்ற எம்.சி. இரண்டையும் வாங்கினேன். இரண்டிலும் மைக்ரோலீனியர் எனப்படும், மெல்லிய விளிம்புள்ள நுண்முனை, இரண்டுக்கும் 2 கிராம் அழுத்தம். முதலாவதில் அலுமினியக் கேன்டிலீவர், 3.5 மில்லிவோல்ட், இரண்டாவதில் போரான் கேன்டிலீவர், 0.4 மில்லிவோல்ட். அமைதியான எம்.சி. நிலை கொண்ட புதிய ஃபோனோ ஸ்டேஜும் இதற்குள் கைக்கு வந்திருந்தது. ஒரே பகுதிகளை இரண்டிலும் கணினியில் பதிவு செய்து, சோதனைத் தட்டின் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு அளவைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்பதை எனக்குச் சொல்லாமல் வீட்டில் ஒருவரை ஓட்டச் சொன்னேன். பத்து முறையில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். ஏழு என்பது தற்செயலாகவும் வரக்கூடிய எண்ணிக்கை. வயலின்கள் பல ஒன்றாக ஒலிக்கும் இடங்களில் எம்.சி. ஒவ்வொன்றையும் சற்றுத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்று இன்றும் நம்புகிறேன், ஆனால் அது சுருளாலா, போரானாலா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. உட்பகுதிப் பாடல்களில் இரண்டுமே டிஎல்-103ஐ வெகுவாக விஞ்சின.

எம்.சி.யின் சுமை மின்தடை, அதாவது ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீடு கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும் மின்தடை, பற்றியும் இதே போன்ற ஒரு பாடம் கிடைத்தது. ஓசி9இன் உள்மின்தடை 12 ஓம். சுமையை 100 ஓமிலிருந்து 470 ஓமாக மாற்றியபோது ஒலி மலர்ந்தது போல் தோன்றியது. கணக்கிட்டுப் பார்த்தால் வெளியீடே 0.8 டெசிபல் உயர்கிறது. அந்த உயர்வைக் கழித்துவிட்டுக் கேட்டபோது மலர்ச்சியில் பெரும்பகுதி மறைந்தது.

ஆகவே, புதிதாகத் தேர்ந்தெடுப்பவர் கேட்டால், முதலில் ஃபோனோ ஸ்டேஜைப் பார்க்கச் சொல்வேன். எம்.எம். உள்ளீடு மட்டுமே இருந்தால், ஒதுக்கியுள்ள தொகை முழுவதையும் நுண்முனை கொண்ட ஒரு எம்.எம்.மில் போடுவது நல்லது. ஆடியோ-டெக்னிகா தரும் கணக்குப்படி நீள்வட்ட முனை 300 மணி, மைக்ரோலீனியர் 1000 மணி நேரம் உழைக்கும். விலை வேறுபாட்டை மணிநேரத்தால் வகுத்தால் நுண்முனையே சிக்கனமானது. அமைதியான எம்.சி. நிலையும், பொருத்தமான நிறையுள்ள ஆர்மும், ஊசி தேய்ந்தால் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற மனமும் உள்ளவர்களுக்கு எம்.சி. தரும் இன்பம் உண்மையானது. பொருத்தும்போது காந்தத்தன்மையற்ற கருவிகளையே பயன்படுத்துங்கள், எம்.சி.யின் வலுவான காந்தம் எஃகுத் திருப்புளியைச் சட்டென்று தன்பால் இழுத்துவிடும், இடையில் இருப்பது ஊசி.

இப்போது என் ஆர்மில் இருப்பது ஓசி9, குறிப்பேட்டின்படி 610 மணிநேரம். விஎம்95 தன் ஹெட்ஷெல்லுடன் அலமாரியில் தயாராக இருக்கிறது. பழைய தட்டுகளையும் நிலை அறியாத தட்டுகளையும் முதல் முறை கேட்க அதைத்தான் மாட்டுகிறேன்; கெட்டுப்போனால் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.