வன்னி வழியே கேடிஎச் வான்: லப்டொப் கூட்டத்துக்குச் சரிவருமா?

எட்டுப் பேர், எட்டு லப்டொப், இரண்டு நாள். யாழ்ப்பாணத்தில் யாழ் கீக் சலேஞ் மாதிரி ஒரு மென்பொருள் போட்டி இருக்கும், இல்லாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு பட்டறை இருக்கும். போகிற வழியில் வன்னியையும் பார்த்துவிடுவோம் என்று யாரோ ஒருவர் சொல்வார், உடனே வவுனியாவில் ஹயருக்கு ஒரு கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ் வான்) தேடத் தொடங்குவார்கள். அந்த வாடகை வானுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஏற்றி இறக்குகிற வேலைக்கும் நினைத்த இடத்தில் நிறுத்துகிற வசதிக்கும் முழுப் புள்ளி. குறைகிற ஒன்றரையும் அதை ஓடுகிற அலுவலகம் என்று நம்பி ஏறுகிறவர்களால் குறைகிறது.

முதலில் வாடகைப் பேச்சு. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதி வழியே ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நேரே போய் வந்தால் 280. மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவைச் சுற்றிக்கொண்டு போனால் 350-ஐத் தொடும். பல வான்காரர் நாளுக்கு 100 கிலோமீற்றர் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனியாக எடுப்பார்கள். அதனால் “இரண்டு நாளைக்கு எவ்வளவு?” என்று கேட்காமல் “350 கிலோமீற்றர், ஓர் இரவுத் தங்கல், டீசலோடு எவ்வளவு?” என்று கேளுங்கள். றைவரின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, நிறுத்திவைத்து ஏசி போட்டால் காசு கூடுமா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். நின்ற இடத்தில் ஏசியோடு எஞ்சின் ஓடினால் மணிக்கு ஒரு லீற்றருக்குமேல் டீசல் போகும். றைவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

மின்சாரத்தில்தான் பெரும்பாலான பயணங்கள் குழம்புகின்றன. முன்பக்கத்து சிகரெட் லைட்டர் சொக்கற்றுக்கு 10 அல்லது 15 அம்பியர் பியூஸ்தான் இருக்கும். 12 வோல்ற்றில் அது 120 முதல் 180 வாட். 12 வோல்ற்றை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேட்டர், கடையில் “300 வாட்” என்று எழுதி விற்கிற சின்னது, அதைச் செருகி நாலு லப்டொப்பைக் கொழுவினால், ஓமந்தை தாண்டும் முன்பே பியூஸ் போய்விடும். போன இடத்தில் 20 அம்பியர் பியூஸைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பியூஸ் நிற்கும், டாஷ்போட்டுக்குப் பின்னால் வயர் உருகும். அதே அளவில் இரண்டு மூன்று உதிரியாகக் கொண்டு போங்கள், பெரியதைப் போட வேண்டாம்.

இன்வேட்டரை விட நல்லது 12 வோல்ற்றில் நேரே ஓடுகிற டைப்-சி கார் சார்ஜர். 12-ஐ 230 ஆக்கி, அதை லப்டொப் சார்ஜர் திரும்ப 20 ஆக்குகிற வீண் சுற்று இதில் இல்லை, சூடும் குறைவு. பெட்டியில் “65 வாட்” என்று இருந்தால் அது இரண்டு துளைக்கும் சேர்த்த கணக்கா என்று சின்ன எழுத்தில் பாருங்கள். இரண்டாவது கேபிளைச் செருகியதும் முதலாவது 45-க்கு இறங்குகிற ரகந்தான் அதிகம்.

ஹயர் வான்களில் பாட்டுச் செட்டுக்கும் கலர் லைற்றுக்கும் என்று பற்றறியிலிருந்தே தனி வயர் இழுத்துப் பெரிய இன்வேட்டர் பூட்டியிருப்பதுண்டு. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வீட்டு மின்சாரம் போலச் சைன் அலை சுத்தமாக வருகிற வகை என்றால் எல்லாம் சரி. மலிவான வகையில் சில சார்ஜர்கள் இரையும், டச்பேடில் அம்பு தானாகத் துள்ளும். லப்டொப் பழுது என்று பயப்படத் தேவையில்லை, சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு இதில் வேலை செய்வதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 70 அம்பியர்-மணி பற்றறியிலிருந்து நாலு லப்டொப் 200 வாட் இழுத்தால் மணிக்கு 19 அம்பியர்-மணி போகும். ஒரு மணி நேரம் பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வானைத் தள்ள ஆள் தேட வேண்டி வரலாம், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அது லேசான வேலை இல்லை.

இனி ஓடும்போது கோட் எழுதுவது. ஏ9 நல்ல வீதிதான், ஆனால் கேடிஎச்சின் பின் சீற் அச்சுக்கு மேலே இருக்கிறது. சின்னப் பள்ளமும் மடியில் தெரியும். இருபது நிமிடம் திரையைப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். ஓடும்போது செய்யத் தோதான வேலை பேச்சுத்தான்: டெமோவில் யார் எதைச் சொல்வது, கேள்வி வந்தால் யார் எழும்புவது. ஒரு பேப்பரும் பேனாவும் காணும். கணினியைத் திறக்கிற வேலையை நிறுத்தங்களுக்கு வைத்துக்கொண்டால் வான் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

இணையத்துக்கு இரண்டு சிம், இரண்டு வேறு நிறுவனம். டயலொக்கும் எயார்டெல்லும் 2024இல் ஒன்றாகிவிட்டன, அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நகரங்களுக்குள் கவலையில்லை. காடு தொடங்கும் இடங்களிலும், ஏ9-ஐ விட்டு உள்ளே போகும்போதும் சிக்னல் மெலியும். வானின் கூரை இரும்பு. ரவுட்டரை சீற்றுக்குக் கீழே போட்டுவிட்டு டவரைத் திட்டுவதில் பயனில்லை, கறுப்புத் தாள் ஒட்டாத கண்ணாடி ஓரத்தில் வையுங்கள். டேட்டா பொதி வாங்கும்போது பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிகிற எண்ணில் பாதி நள்ளிரவுக்குப் பிறகுதான் உதவும். வட்ஸ்அப், பேஸ்புக்குக்கு என்று விற்கிற பொதியில் கோட் வைக்கிற கிட்ஹப் தளம் திறக்காது. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த செய்மதி இணையமான ஸ்டார்லிங்கைக் கூரையில் கட்டுவோம் என்று சிலர் யோசிப்பார்கள். அதன் சாதாரண தட்டு 75 முதல் 100 வாட் இழுக்கும், திறந்த வானம் கேட்கும், ஓடும் வாகனத்துக்கான வகையும் அல்ல.

உங்கள் கோட் ஓடத் தேவையான டொக்கர் படிமங்கள், என்பிஎம் பொதிகள் எல்லாவற்றையும் வீட்டு இணைப்பிலேயே இறக்கி, வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை மென்பொருளைப் புதிதாகக் கட்டிப் பாருங்கள். விடுபட்டது அப்போதுதான் தெரியும். தூரத்து சேவரில் வேலை என்றால் அந்த சேவரில் டிமக்ஸ் என்ற செயலிக்குள் இருந்து செய்யுங்கள். டவர் மாறும்போது இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருந்த வேலை அறாது.

நிறுத்தங்களில் முறிகண்டியைத் தவிர்க்க முடியாது, நீங்கள் சொல்லாவிட்டாலும் றைவர் நிற்பாட்டுவார். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்காமல் ஏ9இல் வாகனம் போனதாகக் கதையில்லை. மணலில் வறுத்த கச்சான், கையில் சூடு தெரிகிற பை. அதை வானுக்குள் உடைத்தால் கோது மடியில் விழும், உள்ளே இருக்கிற அந்தச் சிவப்புத் தோல் மட்டும் பறந்துபோய் விசைகளுக்கு இடையில் குந்தும். ஸ்பேஸ் விசை ஒரு பக்கம் அழுந்தாமல் நின்றால் காரணம் அதுதான். லப்டொப்பைக் கவிழ்த்துத் தட்டினால் பாதி விழும், மீதிக்குத் தூரிகை வேண்டும். கச்சானை வெளியில் நின்று சாப்பிடுங்கள், பதினைந்து நிமிடம் அதற்கென்றே ஒதுக்கலாம்.

உண்மையில் வேலை செய்யத் தோதான இடங்கள் இரண்டு. புறப்படும் முன் வவுனியாவில் ஒன்று. 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் அங்கு படிக்கிற யாராவது இருந்தால் முதல் நாள் ஒத்திகையை அங்கேயே முடித்துவிடலாம். மற்றது கிளிநொச்சிக்குத் தெற்கே அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அங்கேதான். முன்னனுமதி இல்லாமல் வாசலில் போய் நின்றால் காவலாளி நியாயமாகவே மறிப்பார், ஒரு விரிவுரையாளரின் பெயரில் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உண்டு. பெண்கள் கண் முன்னே தோசை சுடுவார்கள், பிட்டு அவிப்பார்கள், குரக்கன் பண்டமும் இலைக்கஞ்சியும் கிடைக்கும். விலையும் கையைக் கடிக்காது. லப்டொப்பை விரித்து மேசை பிடிக்கிற இடம் மட்டும் அது இல்லை. மத்தியானத்தில் ஆள் எழும்ப ஆள் குந்துகிற கடை.

முல்லைத்தீவுச் சுற்றுப் பாதைக்கு மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர், அருகே கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவிடம், 1803இல் ஆங்கிலேயப் படைக் கப்டன் வொன் ட்ரிபேர்க்கோடு நடந்த சண்டையின் இடம். பிறகு முள்ளியவளைப் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன், அதன் ஓரமாக நந்திக்கடல். வைகாசிப் பொங்கல் நாளில் இங்கே வான் நுழையாது, உப்பு நீரில் விளக்கெரிகிற அற்புதத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேலையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வீதிக்கு ஏற வட்டுவாகல் பாலம் தாண்ட வேண்டும். ஒடுங்கிய, தாழ்ந்த, பழைய பாலம். மழைக்காலத்தில் நிலைமையை விசாரிக்காமல் அந்தப் பக்கம் வானை விட வேண்டாம். ஒட்டுசுட்டானிலிருந்து நேரே புதுக்குடியிருப்புக்குப் போகிற வீதி அதற்கு மாற்று. பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால். அங்கே இறங்கினால் பாட்டை நிற்பாட்டிவிட்டு இறங்குங்கள், செல்பி வேண்டாம்.

ட்ரோனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவும் அனுமதியும் இல்லாமல் வன்னியில் ட்ரோன் பறக்கவிட்டால், படம் வருவதற்கு முன் சீருடைக்காரர் வருவார்கள். இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டு பின்னேர வெயிலில் கைபேசிக்கே அழகாக விழும், அதுவே காணும். பளைக்கும் முகமாலைக்கும் இடையில் அவசரத்துக்குப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் நடந்த பகுதி அது. சிவப்புப் பலகை தெரியாவிட்டாலும் தார் வீதியை விட்டு விலக வேண்டாம். ஆனையிறவில் உப்பளத்தைப் பார்த்து நிற்கலாம். வெள்ளை வெளியின் எதிரொளியில் லப்டொப் திரையில் ஒன்றும் தெரியாது, உப்புக் காற்று துளைகளுக்கும் நல்லதில்லை. பையை மூடி வையுங்கள்.

நிகழ்வு நடக்கும் மண்டபத்துக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, புரொஜெக்டர். இன்னும் விஜிஏ கேபிள் மட்டும் தொங்குகிற மண்டபங்கள் உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றி ஒன்றும் டெமோவின் வீடியோப் பதிவு ஒன்றும் பையில் இருக்கட்டும். இருநூறு கைபேசி தொங்குகிற மண்டப வைஃபையை நம்பி நேரடி டெமோ காட்டுவது சூதாட்டம். இரண்டாவது, பாமினி. அலுவலகங்களில் இன்னும் அந்த எழுத்துருவில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அனுப்பிய தமிழை அப்படியே ஸ்லைடில் ஒட்டினால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும், மண்டபத்துக் கணினியில் “jkpo;” என்று ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். எல்லாக் கணினியும் படிக்கிற யுனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் வைத்து, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள். தங்கும் அறைகளில் பழைய வட்டக் கால் சொக்கற்றும் புதிய சதுரக் கால் சொக்கற்றும் கலந்தே இருக்கும். எட்டுப் பேருக்கு ஒரு மாற்றியும் ஒரு நீட்டு வயரும் குறைந்தபட்சம்.

திரும்பும்போது நாவற்குழியில் ஏ9-ஐ விட்டு விலகி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வழியே பரந்தனுக்கு வாருங்கள். தூரம் பெரிதாகக் கூடாது, ஏ9 வாகன நெரிசலும் இல்லை. மூன்று மணிக்கு முன் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். இருட்டினால் மாங்குளத்துக்கு இங்காலே வீதியில் மாடு படுத்திருக்கும், காட்டோரங்களில் யானை கடக்கும். வேகம் எழுபதைத் தாண்டச் சொல்லி றைவரை அவசரப்படுத்த வேண்டாம், பொலிஸ்காரர் கருவியோடு நிற்பார்கள். வவுனியாவில் வானை ஒப்படைக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக் கச்சான் கோதைக் கூட்டி அள்ளுங்கள். கழுவுகிற காசு என்று கடைசியில் பில்லில் ஏறுவது பெரும்பாலும் அதுதான்.