தகரப் பெட்டிக்குள் ஒரு ஒப்பாரி

பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘மெட்டல் பாக்ஸ்’, 1979 நவம்பரில் வந்த ஆல்பம். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவில் கத்திக்கொண்டிருந்த ஜான் லைடன் அங்கிருந்து விலகி ஆரம்பித்த குழு என்பதால் பங்க் கிடைக்கும் என்று நினைத்துப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். முதல் பாட்டே பத்து நிமிடத்துக்கு மேல், பேஸ் கித்தார் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். எல்ஆர்டி ரயிலில் போகும்போது போனில் கேட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தினேன்.

தப்பு என் மேல்தான். போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பன் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் ஜா வோபிளின் பேஸ் என்னவென்று தெரிந்தது. தைப்பூசத்தில் பத்துமலையில் உறுமிக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிருமே, அப்படி. அதற்கு மேலே கீத் லெவீனின் கித்தார், தகரத்தில் கண்ணாடியைத் தேய்க்கிற மாதிரி.

‘போப்டோன்ஸ்’ ஒரு குறும்படம்: கார், காடு, கடத்தப்பட்ட ஒருவர், ஓடிக்கொண்டே இருக்கும் கேசட். ஆனால் என்னை உட்கார வைத்தது ‘ஸ்வான் லேக்’. ‘டெத் டிஸ்கோ’ என்று முதலில் சிங்கிளாக வந்ததுதான். புற்றுநோயில் போன அம்மாவுக்காக லைடன் எழுதியது. கீழே டிஸ்கோ தாளம், நடுவில் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ பாலே மெட்டைக் கித்தார் கோணலாக வாசிக்க, லைடன் அழுகிறாரா பாடுகிறாரா என்றே தெரியாது. சாவுக்கு ஆட்டமா என்று யாராவது கேட்கலாம். எஸ்டேட்டில் தப்பு அடித்து, ஆடிக்கொண்டே பிணம் எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தப் பாட்டு ஓடும்போது பக்கத்து வீட்டு அங்கிள் வந்து, “என்ன தம்பி, யாரும் தவறிட்டாங்களா?” என்றார். சரியாகத்தான் கேட்டிருக்கிறார்!

பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது, ‘பேட் பேபி’ எனக்கு ஒட்டவே இல்லை.

பெயருக்கேற்ற பெட்டிதான். சினிமா ரீல் வைக்கும் வட்டத் தகர டப்பாவில் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் மூன்று இசைத்தட்டுகள், வெளியே எடுப்பதற்குள் விரல் நகம் போய்விடும். பழைய டப்பா கிடைத்தால் துருவைப் பார்த்து வாங்குங்கள், நம் ஊர் ஈரக்காற்று அப்படி. இல்லையா, 1980-ல் சாதாரண அட்டையில் வந்த ‘செகண்ட் எடிஷன்’ போதும், பாட்டுகள் அதேதான்.

கடைசியில் ‘ரேடியோ 4’. குரலும் இல்லை, டிரம்ஸும் இல்லை. பேஸும் சின்தசைசரும் மட்டும். ஊர்வலம் போன பிறகு கூடாரத்துக்குக் கீழே கிடக்குமே பிளாஸ்டிக் நாற்காலிகள், அதுதான் ஞாபகம் வந்தது.