உறை கிணற்றுக்கு 4 நட்சத்திரம், விளம்பரத்துக்கு 1

மாடியில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறை கிணறு நல்ல வேலைதான். அதை விற்க அடிக்கும் நோட்டீஸில்தான் கோளாறு. திருவான்மியூரில் கடலை ஒட்டிய தெருவில் ஆறு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்துக்கு மழைநீர் சேகரிப்பைப் புதிதாகப் போட்டுக்கொண்டோம். சங்கத்தின் கணக்கு வழக்கு என் கையில் இருப்பதால், 52,000 ரூபாய் எதற்குப் போனது என்று நானே எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விசாரித்த எல்லோரும் ஏறக்குறைய ஒரே நோட்டீஸைத்தான் நீட்டினார்கள்.

அதில் ஒரு வண்ணப் படம். கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மழை, மொட்டை மாடி, கிணறு, கடைசியில் நம் வீட்டுக் குழாய். கீழே கொட்டை எழுத்தில் 'உங்கள் மழை உங்களுக்கே'. படத்தைப் பார்த்தால் தண்ணீர் ஒரே வேகத்தில் வட்டமாக ஓடிக்கொண்டிருப்பது போலத் தெரியும். நிஜத்தில் அது ஓடுவதைவிடத் தங்குவதுதான் அதிகம். காற்றில் ஆவியாக இருக்கும் நீர் சராசரியாக 9 நாள் தங்குகிறது. கடலுக்குள் போனால் திரும்ப ஆவியாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். நிலத்தடியில் மேலாக இருப்பது மாதங்களிலிருந்து பல ஆண்டுகள் வரை, ஆழத்தில் இருப்பது நூற்றாண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல். நம் மாடியில் விழும் மழை தெருச் சாக்கடை வழியாகப் போனால் சில மணி நேரத்தில் வங்காள விரிகுடா. ஆக, உறை கிணறு போடுகிறவர் காசு கொடுத்து வாங்குவது தண்ணீரை அல்ல, அது தாமதமாகப் போவதை. இதை நோட்டீஸில் எழுதினால் யார் வாங்குவார்கள், அது வேறு விஷயம்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது அவசரமாகத் தோண்டியது. மூன்றடி ஆழம், உள்ளே ஜல்லி, ஜல்லிக்கு மேல் இருபது வருடச் சேறு. மழை பெய்தால் நிரம்பி, வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடிவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. மாடியிலேயே காய்ந்துபோவது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விடுவது எல்லாம் போக இரண்டரை லட்சம் என்று வைத்தாலும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி இருபது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் லாரிக்காக நாங்கள் காத்துக் கிடந்ததை நினைத்தால் இந்த இருபது சின்ன எண் இல்லை.

வேலை செய்த ஆட்களுக்குத்தான் அந்த நாலு நட்சத்திரம். மூன்றடி விட்டத்தில் சிமென்ட் உறை, பதினைந்தடி ஆழம். எங்கள் பக்கம் கடல் மணல். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் உள்ள மணல் மேட்டில்தான் நன்னீர் நிற்கிறது. கடைசி உறையை இறக்கியதும் மேஸ்திரி ஒரு டிரம் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

"களிமண்ணா இருந்தா இது நாளைக்கு வரைக்கும் நிக்கும்மா" என்றார். "அங்கெல்லாம் களியைத் தாண்டி மணல் வர்ற வரைக்கும் தோண்டணும். பதினஞ்சடியில நிறுத்திட்டுக் காசு வாங்கினா அது வெறும் தொட்டி."

உங்கள் மண் என்ன என்று கேட்காமலே விலை சொல்லும் நிறுவனத்தை அங்கேயே அனுப்பிவிடுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். 52,000-இல் 38,000 கிணற்றுக்கு, 14,000 ஒரு பிளாஸ்டிக் ஃபில்டருக்கு. உள்ளே சல்லடை, அவ்வளவுதான். எதிர்வீட்டு வேப்பமரம் ஒரே காற்றில் அதை அடைத்துவிட்டது. செங்கல் தொட்டி கட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வைத்திருந்தால் இதில் பாதிக் காசு ஆகியிருக்காது. அப்புறம், கிணற்றுக்கு உபரிக் குழாயே வைக்கவில்லை. கடலோர மணலில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலத்தடி நீர்மட்டமே மேலேறி வந்துவிடும். அதற்கு மேல் விடும் தண்ணீருக்கு இடம் கிடையாது. கேட்டபோது, "அவ்வளவு மழையெல்லாம் எங்க மேடம் பெய்யப் போகுது?" என்றார் விற்பனைப் பிரதிநிதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அவர் எந்த ஊரில் இருந்தாரோ. சண்டை போட்ட பிறகு வைத்துக் கொடுத்தார்கள்.

இன்னொரு வித்தையும் உண்டு. போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, வேலைக்கு முன் 1,450 இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதே பிரதிநிதி மீட்டரோடு வந்து 900 என்று காட்டி, ஐந்து நட்சத்திரம் கேட்டார். கிணறே தோண்டாத பக்கத்து வீட்டிலும் அதே மாதம் இறங்கியிருந்தது. மழை பெய்தால் தெரு முழுக்க இறங்கும், அதில் எங்கள் கிணற்றின் பங்கு எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லாது. மே மாதம் மறுபடி 1,300. கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே நாற்பது மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் உப்பு மேலே வரும். தெருமுனையில் பெரிய அடுக்குமாடி ஒன்று ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டுகிறது. எங்கள் மாடி மழை அவர்கள் குழாயிலும் வரத்தான் செய்யும். மண்ணுக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியுமா என்ன! 'உங்கள் மழை உங்களுக்கே' என்பது பொய் என்று நான் சொல்வது இதைத்தான். அதற்காகக் கிணறு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தெருவில் பத்து வீடு போட்டால் பத்து வீட்டுக்கும் உப்பு விலகி நிற்கும், ஒரு வீடு மட்டும் போட்டால் புண்ணியக் கணக்கு.

சொந்த உபயோகத்துக்குத்தான் மழைநீர் வேண்டும் என்றால் மாடிக் குழாயில் ஒன்றை வடிகட்டி சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விடுங்கள், நிரம்பியது போக மிச்சம் கிணற்றுக்குப் போகட்டும். அதற்கு ஆகும் செலவும் குறைவு. அதனால்தானோ என்னவோ எந்த நிறுவனமும் முதலில் அதைச் சொல்வதில்லை. பில்லில் உறையின் எண்ணிக்கை, ஆழம், உபரிக் குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஃபில்டர் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வருடப் பராமரிப்புக்கு 3,000 கேட்டார்கள், நாங்கள் எடுக்கவில்லை. ஐப்பசிக்கு முன்னால் தூர்வாரவும், படிக்கட்டுப் பக்கக் குழாயைச் சம்ப்புக்குத் திருப்பவும் மேஸ்திரியையே நேராக வரச் சொல்லியிருக்கிறேன்.