பிரிட்டிஷ் பேன்டமுக்கு ஒரு ரெசின் மாற்றுத் தொகுப்பு: 1/32 அளவில் கட்டிப் பார்த்த மதிப்புரை

தமியா நிறுவனத்தின் 1/32 (அசலில் 32இல் ஒரு பங்கு) எஃப்-4ஜே பேன்டம் போர் விமானப் பிளாஸ்டிக் மாடல் கிட்டைப் பிரிட்டிஷ் கடற்படையின் பேன்டம் எஃப்.ஜி.1 ஆக மாற்ற உதவும் ரெசின் தொகுப்பு ஒன்றை நான்கு மாதங்களாகக் கட்டி, சென்ற வாரம் முடித்தேன். சிறு பட்டறை ஒன்றில் கையால் வார்க்கப்படும் தொகுப்பு அது. அதன் குறைகளையும் விரிவாக எழுத வேண்டியிருப்பதால் தயாரித்தவரின் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வகைத் தொகுப்பு எதுவானாலும், வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இந்த அனுபவத்திலிருந்தே விளங்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரம்பம் பிடித்துப் பழகிய கைக்கு இது வாங்கத் தக்க பொருள். முதல் முறையாக ரெசினைத் தொடுபவருக்கு உகந்ததன்று.

பிரிட்டிஷ் பேன்டம் வண்ணத்தால் மட்டும் வேறுபட்ட விமானமன்று. அமெரிக்கப் பேன்டமில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஜே79 எஞ்சினுக்குப் பதிலாக ரோல்ஸ்-ராய்ஸ் ஸ்பே டர்போஃபேன் எஞ்சினைப் பொருத்தப் பிரிட்டன் முடிவு செய்தது. ஸ்பே பருமனானது, அதிகக் காற்றையும் கேட்பது. ஆகவே காற்று நுழைவாய்களின் பரப்பை ஏறத்தாழ 20 விழுக்காடு கூட்டினார்கள். உடற்பகுதியை ஏறத்தாழ 6 அங்குலம் அகலமாக்கினார்கள். பின்பகுதியின் அடிவயிற்றை ஆழப்படுத்தினார்கள். அப்படி உருவான முதல் முன்மாதிரி 1966 ஜூன் 27 அன்று பறந்தது. 6 அங்குலம் என்பது 1/32 அளவில் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரை மீட்டருக்கும் மேல் நீளமுள்ள மாடலில் இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் மாடலை மேலிருந்து பார்க்கும்போது, நுழைவாய் முடிந்து இறக்கை தொடங்கும் இடத்தில் அந்த 5 மில்லிமீட்டர் இல்லையென்றால், என்ன வண்ணம் பூசினாலும் கண்ணுக்குத் தெரிவது அமெரிக்கப் பேன்டம்தான்.

அடிப்படைக் கிட்டாக எஃப்-4ஜே-யைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பிரிட்டிஷ் பேன்டம்கள் அந்த வகையிலிருந்தே வளர்த்தெடுக்கப்பட்டவை என்பதால், மூக்கின் வடிவம், இறக்கையின் மேல் உள்ள சக்கரப் புடைப்பு, பிளவுள்ள கிடைவால் ஆகியவற்றில் கை வைக்க வேண்டியதில்லை. தொகுப்பின் பெட்டியில் இரண்டு காற்று நுழைவாய்கள், உடற்பகுதியின் பக்கச்சுவர்கள், பின்பக்க அடிவயிறு முழுவதும் ஒரே துண்டாக, இரண்டு ஸ்பே வெளியேற்றுக் குழல்கள், நீட்டிய முன்சக்கரக் கால், வால் உச்சிக்கான ரேடார் எச்சரிக்கைப் பெட்டி, டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தாள் ஒன்று, நான்கு பக்க வழிகாட்டி ஒன்று ஆகியவை இருக்கின்றன.

மாற்றுத் தொகுப்பு எதையும் நான் முதலில் மதிப்பிடுவது, அது எங்கே வெட்டச் சொல்கிறது என்பதை வைத்துத்தான். வார்ப்பு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், பிளாஸ்டிக்கும் ரெசினும் சந்திக்கும் கோடு வெறும் பரப்பின் நடுவே ஓடினால் அந்த இணைப்பை மறைக்கவே பாதி உழைப்பு போய்விடும். அதே கோடு பேனல் கோட்டின் (விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் கோட்டின்) மேல் ஓடினால், இணைப்பை மறைக்கவே வேண்டாம். அதுவே பேனல் கோடாகிவிடும். இந்தத் தொகுப்பை வடிவமைத்தவர் அதை நன்கு அறிந்தவர். நுழைவாய்க்கும் முன் உடலுக்கும் இடையிலான வெட்டு, இறக்கை வேரை ஒட்டிய வெட்டு, வாலுக்குக் கீழே வெப்பத் தகடுகள் தொடங்கும் இடத்து வெட்டு, மூன்றும் அசல் விமானத்தின் தகட்டு இணைப்புகளின் மேலேயே செல்கின்றன. தமியா கிட்டின் பேனல் கோடுகள் குழிந்தவை என்பதால் ரம்பப் பல் தானாகவே அதில் உட்கார்ந்துகொள்கிறது. நுண்பல் ரம்பத்தை அழுத்தாமல், பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக இழுத்து வழி உண்டாக்கிக்கொண்டு பிறகு வெட்டினேன். முன்பக்க வெட்டில் உப்புத்தாளுக்கு வேலையே இருக்கவில்லை.

நான்காவது வெட்டில்தான் சிக்கல். அடிவயிற்றின் குறுக்கே, பிரதான சக்கரக் குழிகளுக்குச் சற்றுப் பின்னால், எந்தப் பேனல் கோட்டையும் சாராமல் வெட்டச் சொல்கிறது வழிகாட்டி. துண்டை ஒட்டாமல் பொருத்திப் பார்த்து, உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்து அறையை இருட்டாக்கினேன். நடுவில் மயிரிழை வெளிச்சமும், இரு ஓரங்களிலும் அரை மில்லிமீட்டர் வெளிச்சமும் தெரிந்தன. பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னால் ஒரு பேனல் கோடு இருக்கிறது. வார்ப்புத் துண்டை அதுவரை சுருக்கியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. நான் துண்டின் உட்புறம் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டித் தாங்கல் செய்து, எப்பாக்சி பசையால் இணைத்து, மூன்று முறை புட்டி பூசி, மூன்று முறை தேய்த்தேன். பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைக் கரைக்காது என்பதால் இங்கே சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) அல்லது எப்பாக்சி இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். ஆனால் சயனோஅக்ரிலேட் இறுகியபின் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விடக் கடினமாகிவிடும். தேய்க்கும்போது பிளாஸ்டிக் குழிந்து பசை மேடாக நிற்கும். நீண்ட இணைப்புகளுக்கு எப்பாக்சியே நல்லது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தேய்ப்பு வேலை முழுவதையும் நீரில் நனைத்தே செய்யுங்கள், முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள்.

அடுத்த குறை, இடப்பக்க நுழைவாயின் நீளம். வெர்னியர் வைத்து அளந்தபோது அது வலப்பக்கத்தை விட 0.8 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. பாலியூரித்தேன் ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்குவது இயல்பு. தேய்ந்த அச்சும் அவசரமான வார்ப்பும் சேர்ந்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் சுருங்காது. மாற்றுத் துண்டு கேட்டு எழுதினேன். இரண்டு வாரத்தில் மறுப்பில்லாமல் அனுப்பிவைத்தார்கள். ஆனால் அதிலும் அதே 0.8 குறைந்திருந்தது. அச்சிலேயே பிழை என்றால் அதை அறிந்தபின்னும் விற்பது சரியன்று என்பதை அவர்களுக்கும் எழுதிவிட்டேன். தீர்வு கடினமானதன்று: 0.5 மற்றும் 0.3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள்களைப் பின்விளிம்பில் அடுக்கி ஒட்டி, வளைவுக்கேற்பச் செதுக்கினால் போதும். ஆனால் அளந்து பார்க்காமல் ஒட்டிவிட்டால், முன்னிருந்து பார்க்கும்போது இரண்டு நுழைவாய்களின் முன்விளிம்புகளும் ஒரே கோட்டில் நிற்காது. ஒட்டிய பிறகு அதைத் திருத்த வழியுமில்லை. நுழைவாயின் உட்குழாய் ஒரே துண்டாக, இணைப்புக் கோடு இல்லாமல் வார்க்கப்பட்டிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். உள்ளே நடுக்கோட்டைத் தேய்க்கும் அந்தச் சலிப்பான வேலையை அது முழுதும் மிச்சமாக்குகிறது. நுழைவாய்க்கு முன்னால் நிற்கும் பிரிப்புத் தகட்டில் உடலை ஒட்டி வரும் எல்லைக் காற்றை உறிஞ்சும் நுண்துளைகள் மட்டும் வெறும் புள்ளிக் குழிகளாகவே இருக்கின்றன. கருப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்) கொடுத்து ஆழத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.

இந்தத் தொகுப்பின் உச்சம் வெளியேற்றுக் குழல்கள். ஜே79 குழலை விட ஸ்பே குழல் குட்டையானது, வாய் அகன்றது. இதழ்களின் விளிம்பு தாள் போல் மெலிந்திருக்கிறது. ஒவ்வொரு இதழும் அடுத்ததன் மேல் ஏறி நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. குழலுக்குள் விளக்கு அடித்தால் ஆஃப்டர்பர்னர் வளையங்கள் அடுக்கடுக்காகத் தென்படுகின்றன. வார்ப்புக் கட்டி (வார்க்கும்போது துண்டோடு ஒட்டி வரும் மிகை ரெசின்) குழலின் பின்னால், மாடலுக்குள் மறையும் பக்கத்தில் இருப்பதால் அதை அறுக்கும்போது எந்த நுணுக்கமும் சேதமாவதில்லை. குழல்களுக்குப் பின்னாலுள்ள அடிப்பகுதி அசல் விமானத்தில் வண்ணம் பூசாத உலோகம். பளபளப்பான கறுப்பின் மேல் உலோக லேக்கரை ஏர்பிரஷால் மெல்லிய படலங்களாகப் பூசி, பேனலுக்குப் பேனல் சாயலை மாற்றினேன். மெல்லிய நீலமும் வைக்கோல் நிறமும் மூடுபனி போல் படிந்தால் போதும். அதற்கு மேல் போனால் வெப்பக் கறை வேடமாகிவிடும்.

முன்சக்கரக் காலைப் பற்றிச் சற்று எச்சரிக்க வேண்டும். இந்த விமானங்களைச் சுமந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் எச்.எம்.எஸ். ஆர்க் ராயல் அமெரிக்கக் கப்பல்களை விடச் சிறியது. விமானத்தை உந்தி ஏவும் அதன் கவணிலிருந்து கிளம்பும்போது மூக்கை நன்றாக உயர்த்த வேண்டியிருந்ததால், எஃப்-4ஜே-யில் 20 அங்குலம் நீண்ட முன்கால் எஃப்.ஜி.1-இல் 40 அங்குலம் நீளும்படி மாற்றப்பட்டது. எரியும் குழல்கள் தளத்தை நோக்கிச் சாய்ந்ததால் தளத்தின் அனல் தடுப்புத் தகடுகளை நீரால் குளிர்விக்க வேண்டியிருந்தது. நீட்டிய நிலையில்தான் இந்த விமானத்தின் குணமே தெரிகிறது. அந்தத் தோற்றத்தைத் தந்ததற்காகவே தொகுப்பை வாங்கலாம். ஆனால் ரெசினில் வார்த்த அத்தனை நெட்டையான கால் இவ்வளவு கனமான மாடலைத் தாங்காது. ஒரு வாரம் நிற்கவைத்துச் சோதித்தபோதே மெல்ல வளையத் தொடங்கியது. வெந்நீரில் நிமிர்த்தி, நடுவே துளையிட்டு 1.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகியபின் அசையவில்லை. பின்பக்க ரெசினின் எடையை ஈடுகட்ட மூக்குக் கூம்புக்குப் பின்னால் 40 கிராம் ஈயமும் வைத்தேன். வழிகாட்டியில் இவை இரண்டுக்கும் ஒரு வரி கூட இல்லை.

வழிகாட்டியின் இன்னொரு மௌனம் வரலாற்றைப் பற்றியது. வால் உச்சியிலுள்ள ரேடார் எச்சரிக்கைப் பெட்டியை எல்லா மாடலிலும் ஒட்டச் சொல்கிறது அது. விமானங்கள் பணியில் சேர்ந்தபோது அந்தப் பெட்டி கிடையாது. 1970களின் நடுவிலிருந்துதான் வந்து சேர்ந்தது. 1969 மே மாதம் நடந்த அட்லாண்டிக் கடப்புப் போட்டியில் பிரிட்டிஷ் கடற்படையின் 892ஆம் படையணியின் எஃப்.ஜி.1 நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 46 நிமிடம் 57 நொடியில் அடைந்தது. டெக்கால் தாளில் அந்த விமானமும் இருக்கிறது. அதைச் செய்பவர் பெட்டியை ஒட்டினால் தவறாகிவிடும். கட்ட நினைக்கும் விமானத்தின் ஆண்டு தெரிந்த புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டெக்கால்கள் மெல்லியவை, நிறம் அழுத்தமானவை. மென்மையாக்கும் திரவத்துக்கு நன்றாக இணங்கிப் பேனல் கோடுகளுக்குள் இறங்கின. கடற்படையின் கடைசி நிலையிறக்கை (ஹெலிகாப்டர் அல்லாத) விமானப் படையணி தாங்களே என்று கருதிய 892, கிரேக்க எழுத்துவரிசையின் இறுதி எழுத்தான ஒமேகாவை வாலில் தாங்கியது. அந்தப் பெரிய ஒமேகா இரு பக்கமும் ஒரே உயரத்தில் அமைகிறது.

மேற்புறம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே என்னும் அடர் சாம்பல், கீழ்ப்புறம் வெள்ளை. வெள்ளைக்கு முன் சாம்பல் பிரைமர் அடித்து மாடலைத் தலைகீழாக்கி, அந்த நான்காவது வெட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவே இரண்டு ஊசிமுனைக் குழிகள் இருந்தன. அவற்றை நிரப்பித் தேய்த்து, தேய்ப்பில் அழிந்துபோன ரிவெட் வரிசையை ஊசிமுனையால் மறுபடி பதித்த பின்னரே வெள்ளை பூசினேன்.